பதினைந்து எண்ணும்வரை

முன்னால் நின்றவரின் முதுகை அண்ணி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மருந்துக்கடை வரிசை. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நாற்பது வயதிருக்கும், கையில் டாக்டர் சீட்டு, கண்ணில் காய்ச்சல். அவருடைய கறுப்பு டி-ஷர்ட்டின் முதுகில் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஓரம் தூக்குதான்னு பாத்தேன். இது ஸ்டிக்கர். விக்கும்போது பிரின்ட்டுன்னு சொல்லியிருப்பாங்களே?"

"ஆமா..."

"சொல்லுவாங்க. உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுத் துவைங்க. மேல இஸ்திரி படக்கூடாது. பாத்துப் போட்டா நாலு மாசம் வரும்."

மனிதர் புலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி நின்றுகொண்டார். அண்ணிக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில், ஒருமுறை துக்க வீட்டில்கூட அவள் இப்படிச் சுரண்டியிருக்கிறாள். ஊரில் பாதிப்பேர் முதுகில் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு அச்சடித்த துணி போட்டிருப்பதாக நினைத்துத் திரிகிறார்கள், அவர்களிடம் உண்மையைச் சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா என்பது அவளுடைய கட்சி.

அவளை அண்ணி என்று முதலில் கூப்பிட்டவள் நாத்தனார். அதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அண்ணி என்றது, மை கொண்டுவந்து போடுகிறவர் அண்ணி என்றார், அவளைவிட இருபது வயது மூத்த வாடிக்கையாளர்களும் அண்ணி என்றார்கள். தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை ஒன்று, அதற்குள் பிளைவுட் தடுப்பு வைத்து மூன்று அறைகள். முதல் அறை அண்ணியுடையது. மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, மை டப்பாக்கள், மையை இழுக்கும் ரப்பர் கட்டைகள், அச்சடித்த துணியைச் சுட்டு எடுக்கும் சூட்டுப் பெட்டி. நடு அறையில் அவள் வீட்டுக்காரரின் எம்பிராய்டரி மெஷின். ஆறு தலையும் ஒரே நேரத்தில் குத்துகிற சத்தத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்ததில் அவருக்குக் காது பாதிதான் கேட்கும். கேட்காத பாதிக்கும் சேர்த்து எல்லாவற்றுக்கும் "ஆமா" என்பார். இரண்டு பெண்களுக்கு நடுவில் அதுவே அவரைக் காப்பாற்றியது.

மூன்றாவது அறை நாத்தனாருடையது. பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள், மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு டி.டி.எஃப். என்ற அச்சு மெஷின் ஒன்றை வாங்கி இறக்கினாள். ஏ.சி. உண்டு, தரையில் வழவழவென்று டைல்ஸ் உண்டு, உள்ளே போகிறவர் செருப்பைக் கழற்ற வேண்டும். பட்டறையில் செருப்பைக் கழற்றச் சொல்கிற பெண்ணைப் பற்றி அண்ணி தன் கருத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அந்த மெஷின் செய்கிற வேலையை அண்ணி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவாள். ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் படத்தை அடிப்பது. அதன்மேல் வெள்ளை மையை அடிப்பது. ஈரம் போவதற்குள் பசைப் பவுடரைத் தூவி அடுப்பில் காட்டுவது. அதைத் துணியில் கவிழ்த்துச் சூட்டுப் பிரஸ்ஸில் பதினைந்து எண்ணும்வரை அழுத்தி, ஃபிலிமை உரிப்பது. அவ்வளவுதான். "துணிக்கும் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது பாட்டுக்கு மேல உக்காந்திருக்கும், வாடகைக்கு வந்த மாதிரி" என்பாள். நாத்தனாரை மட்டும்தான் அவளுக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது அநியாயம். வினைல் வெட்டி ஒட்டுகிறவர்களை அவள் கத்தரிக்கோல்காரர்கள் என்றாள். வெள்ளைத் துணியில் மட்டும் ஆவியேற்றி அடிக்கிறவர்களைப் பற்றி, கறுப்புத் துணியைக் கண்டால் ஓடி ஒளிகிறவர்கள் என்றாள். கட்டிய வீட்டுக்காரரின் வேலையையும் விடவில்லை. மார்பில் ஒரு பூ போட்டால் உள்பக்கம் உடம்பெல்லாம் அரிக்கும், அதற்குப் பதில் ஒரு தேங்காய் நாரை எடுத்துத் தைத்துக்கொள்ளலாம் என்பாள். அவர் "ஆமா" என்பார். மை துணிக்குள் இறங்க வேண்டும், நூலோடு நூலாக வேண்டும், துணி கிழிந்தாலும் அச்சு அழியக்கூடாது, அதற்குப் பெயர்தான் பிரின்ட் என்பது அவளுடைய ஒரே பாட்டு. அவள் பாட்டில் பொய் இல்லை. கேட்கிறவர்களுக்குத்தான் காது வலித்தது.

அந்த வருடம் அண்ணியுடைய மகளின் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணி இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று. மகள்தான் கேப்டன். பன்னிரண்டு பெண்களுக்கும் புதுப் பனியன் எடுத்துவிட்டார்கள். மெரூன் நிறம், கையில்லாதது, கையில் எடுத்தால் எடையே தெரியாத வழுக்கும் துணி. முதுகில் பெயரும் எண்ணும் வெள்ளையில் வேண்டும். மூட்டையை எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை பட்டறைக்கு வந்த மகள் முதல் அறையைத் தாண்டி, நடு அறையைத் தாண்டி, மூன்றாவது அறை வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

அண்ணி ரப்பர் கட்டையைக் கீழே வைத்தாள். "எங்கடி போற?"

"அத்தைகிட்டம்மா. பன்னெண்டு பேர், பன்னெண்டு நம்பர். எல்லாமே வேற வேற. அத்தைகிட்ட ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"ஏன், உங்கம்மாவுக்கு என்ன, கை விழுந்துடுச்சா?"

மகள் திரும்பி வந்தாள். அவளுக்குப் பதினேழு வயது, அம்மாவைவிட ஒரு சாண் உயரம். "அதில்லம்மா. நீ ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஸ்க்ரீன் போடணும். ஒரே டிசைன் ஐநூறு பீஸ்னா உன்கிட்ட குடுக்கலாம். இதுக்கு அதுதான் சரி."

அது சரிதான் என்பது அண்ணிக்கும் தெரியும். ஒரே படம் ஐநூறு துணி என்றால் அவள் பக்கத்தில் எந்த மெஷினும் நிற்க முடியாது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு எண் என்றால் சட்டம் சட்டமாக மருந்து பூசி, காயவைத்து, வெளிச்சம் காட்டி, கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துணியை அடித்துவிட்டு அழிக்க வேண்டும். பைத்தியக்கார வேலை. ஆனால் விஷயம் அதுவல்ல. ஊரே உட்கார்ந்து பார்க்கப்போகிற ஆட்டத்தில், பெற்ற பெண்ணின் முதுகில் ஸ்டிக்கர். அதுவும் அந்த டைல்ஸ் அறையிலிருந்து. மகள் ஓடும்போது அந்த முதுகில் தன் வேலை தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆசை என்று சொன்னால் கௌரவக் குறைச்சல் என்பதால் கோபமாகச் சொன்னாள். "அந்த மூட்டைய இங்க வை."

நடு அறையிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நான் வேணா தைச்சுக் குடுக்கட்டுமா?"

"அரைக் கிலோ நூலச் சுமந்துகிட்டு அவ எகிறிக் குதிக்கணுமா?"

"ஆமா" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

அதற்குள் நாத்தனாரும் வந்துவிட்டிருந்தாள். வெறுங்காலுடன் முதல் அறை வாசலில், உள்ளே காலை வைக்காமல் நின்றாள். மைக்கறை படிந்த தரையை அவள் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. ஒரு பனியனை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தாள்.

"அண்ணி, இது பாலியஸ்டர். அதுவும் மெரூன். நீங்க காட்டனுக்குப் போடற வெள்ளைய இதுல போட்டுச் சுட்டீங்கன்னா, சூட்டுல துணியோட சாயம் மேல வந்துடும். அன்னிக்குத் தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சு..."

அண்ணி சூட்டுப் பெட்டியைப் போட்டாள். அதன் காற்றாடி இரைந்த இரைச்சலில் மீதி வாக்கியம் கேட்கவில்லை. நாத்தனாரின் வாய் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது. பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்தவள் சாயத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள் என்று அண்ணிக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. இதே வார்த்தையை மை கொண்டுவந்து போடுகிறவர் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். சொல்லப்போனால் அவர் எப்போதோ சொல்லியும் இருக்கிறார். காட்டனைத் தவிர வேறு துணியைத் தொடாதவளுக்கு அது மறந்துபோயிற்று. இப்போது லேசாக நினைவுக்கு வந்ததுதான். ஆனால் அதைச் சொன்னது யார் என்பதைப் பார்த்து அண்ணி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

செவ்வாயும் புதனும் அவள் வேறு வேலையைத் தொடவில்லை. பன்னிரண்டு சட்டம் போட்டாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை இழுத்து, நடுவில் காயவைத்து, கைவிரல் வைத்தால் மேடு தெரிகிற அளவுக்கு அடித்தாள். மகளுடைய எண் ஏழு. அதை மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக வரைந்தாள். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஏழு கொஞ்சம் கண்ணில் படும், அவ்வளவுதான். புதன்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பனியனும் கொடியில் தொங்கியபோது அந்த வெள்ளை, பால் வெள்ளையாக, கண்ணைக் கூசவைத்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்து, ஆமா என்று சொல்லாமல், "நல்லாருக்கு" என்றார். அண்ணி சூடு ஆறுவதற்கு முன்பே அடுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். நாத்தனார் தன் அறை வாசலில் நின்று கட்டுவதைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவளுடைய மெஷின் ஓட ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மகள் அதே பையோடு பட்டறைக்கு வந்தாள். அண்ணி யாரோ ஒருவருக்கு ஸ்டிக்கரின் குறைபாடுகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் அவர் போகும்வரை பொறுத்து நின்றாள். பிறகு ஒரு பனியனை எடுத்து மேஜையில் விரித்தாள்.

ஏழு இளஞ்சிவப்பாக இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. பாலில் பீட்ரூட் விழுந்த நிறம். மேலே அவளுடைய பெயரும் அதே நிறம். அடுத்த பனியனை எடுத்தாள், அதுவும். அண்ணி ஒவ்வொன்றாகப் பையிலிருந்து உருவினாள். பன்னிரண்டும் அதே கதிதான், கட்டி வைத்த புழுக்கத்தில் சாயம் சாவகாசமாக ஏறியிருந்தது.

மகள் குனிந்தாள். ஏழின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். அண்ணி எப்படிச் சுரண்டுவாளோ அப்படியே, சுட்டுவிரல் நகத்தைச் சாய்த்து, உதட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு.

"வரல" என்றாள். "வராதில்ல? நூலோட நூலா இறங்கியிருக்கும். துணி கிழிஞ்சாலும் அழியாது."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் அண்ணி திருப்பி அறைந்திருப்பாள். இது அவளுடைய சொந்தச் சொல், சொந்த நகம், சொந்த உதடு. இத்தனை வருடம் அதை எத்தனை பேரிடம் காட்டினாள், எதிரில் நிற்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஸ்கோர் மேஜைலேருந்து பாத்தா நம்பர் தெரியணும்மா. மெரூன்ல இந்தக் கலர் தெரியாது. தெரியலேன்னா உள்ளயே விடமாட்டாங்கன்னு கோச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு மேட்ச். வேற பனியன் கிடையாது." மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "நான் போய் அத்தைகிட்ட கேக்கட்டுமா, நீ கேக்கறியா?"

அண்ணி பன்னிரண்டு பனியனையும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு நடந்தாள். நடு அறையில் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மூன்றாவது அறை வாசலில் அவள் நின்றாள். மூன்று வருடத்தில் முதல்முறையாகச் செருப்பைக் கழற்றினாள். டைல்ஸ் சில்லென்று இருந்தது.

நாத்தனார் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு கம்பியில் கிளிப் போட்டு ஃபிலிம்கள் தொங்கின. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. பன்னிரண்டு. எண்கள், பெயர்கள், வெள்ளையில், சுற்றிலும் அரை விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை.

"எப்ப அடிச்சே?"

"புதன்கிழமை."

"புதன்கிழமையா? அப்பத்தானே நான் கட்டி வெச்சேன்."

"அதான்" என்றாள் நாத்தனார்.

அந்த ஒரு சொல்லில் இருந்த இளக்காரத்தை அண்ணி தன் வாழ்நாளில் யாருக்கும் கொடுத்ததில்லை. அவளுடைய இளக்காரம் சத்தம் போடும், ஊரைக் கூட்டும். இது ஏ.சி. அறையில் இரண்டு நாளாகக் குளிர்ந்துகொண்டிருந்த இளக்காரம். தடுக்கவுமில்லை, மறுபடி சொல்லவுமில்லை. அண்ணி அடித்ததை மூடுவதற்கென்றே அளவெடுத்துக் கரை கட்டி, வருவாள் என்று தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணிக்கு அவளை அந்த நாற்காலியோடு சேர்த்து வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது. மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"கறுப்புப் பவுடர் போட்டிருக்கேன். சாயம் மேல வராம பிடிச்சுக்கும்" என்று நாத்தனார் ஃபிலிமைத் திருப்பிக் காட்டினாள். "ஆனா உங்க மைமேல என் பசை சரியா நிக்காது, அண்ணி. கரை துணில உக்காந்தாத்தான் பிடிக்கும். ஒரு மேட்ச் தாங்கும். அப்புறம் துவைச்சா நான் பொறுப்பில்ல."

"நாலு மாசம் வரும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன் நான்."

"அது ஒழுங்கான துணிக்கு." நாத்தனார் பிரஸ்ஸை ஏற்றினாள். சற்றுத் தயங்கிவிட்டு, பார்க்காமலே கேட்டாள். "உங்க மை எந்தச் சூட்டுல இளகும்?"

அது நாத்தனாருக்குத் தெரியாது. அண்ணி பிரஸ்ஸின் முன்னால் வந்து நின்று, வெப்பத்தின் எண்ணைப் பார்த்து, "குறை" என்றாள். இன்னும் குறை என்றாள். தன் அறையிலிருந்து ஸ்பிரிட்டும் துணியும் கொண்டுவந்து இளஞ்சிவப்பு எண்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அவற்றின்மேல் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தாள். நாத்தனார் ஃபிலிமை வைத்தாள். அண்ணி பிரஸ்ஸை இறக்கினாள். நாத்தனார் பதினைந்து எண்ணினாள். ஆறவிட்டு உரித்தார்கள். இரண்டு மணி நேரம் இருவரும் வேறு எதுவும் பேசவில்லை. "தள்ளு", "பிடிங்க", "கோணல்" என்பதெல்லாம் பேச்சில் சேர்த்தியில்லை. ஒருவர் கையை ஒருவர் நம்பாமல், ஒருவர் வைத்ததை ஒருவர் சரிபார்த்துக்கொண்டே பதினோரு பனியன் முடித்தார்கள். பதினொன்றும் சுத்தமாக வந்தது. இளஞ்சிவப்பு இருந்த இடம் தெரியவில்லை.

கடைசியாக ஏழு. நாத்தனார் ஃபிலிமை வைத்துப் பார்த்தாள். இப்படி நகர்த்தினாள், அப்படி நகர்த்தினாள். எப்படி வைத்தாலும் கறுப்புக் கரைக்கு வெளியே ஒரு பக்கம் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. மேல் மூலை துணியில் உட்காராமல் மைமேலேயே உட்கார்ந்தது.

"இது மட்டும் ஏன் பெருசா இருக்கு?"

அண்ணி ஸ்பிரிட் துணியை மடித்தாள். விரித்து மறுபடி மடித்தாள். நாத்தனார் ஃபிலிமிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். விஷயம் புரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அண்ணிக்கு அது இன்னும் அவமானமாக இருந்தது. ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"வேற அடிக்க மையிருக்கு, கறுப்புப் பவுடர் இல்ல" என்றாள் நாத்தனார். "இதையே வைப்போம். அந்த மூலை மட்டும் தூக்கும்."

"தூக்கினா தூக்கட்டும்" என்றாள் மகள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் மைதானத்துப் படிக்கட்டில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வீட்டுக்காரர். மேஜையில் ஸ்கோர் எழுதுகிறவர் கண்ணாடியைத் தூக்கிப் பன்னிரண்டு முதுகையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எதிர் அணியின் பச்சைப் பனியனில் எண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தன. "வினைல்" என்றாள் அண்ணி. "வெட்டத் தெரியாதவங்க" என்றாள் நாத்தனார். அவர்களுக்குள் அன்று நடந்த ஒரே ஒத்த பேச்சு அது. வீட்டுக்காரர், "ஆமா" என்றார்.

மூன்றாவது பகுதிவரை ஏழு தாங்கியது. பிறகு வியர்வை இறங்கியது. மகள் எகிறிப் பந்தைப் பிடித்தபோது மேல் மூலை விட்டது. ஓடும்போது அது படபடவென்று அடித்துக்கொண்டது, அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அண்ணியின் கண் பந்தைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாகப் பிரிந்தது. "உங்க மை" என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் பசை" என்றாள் அண்ணி. மேஜைக்காரர் ஒருமுறை தலையைத் தூக்கி எண்ணைத் தேடினார்.

இரண்டு புள்ளி பின்னால் இருக்கும்போது கோச் டைம் அவுட் கேட்டார். மகள் மற்றவர்களோடு கூடாமல் நேராகப் படிக்கட்டை நோக்கி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. அம்மாவுக்கு முன்னால் முதுகைத் திருப்பி நின்றாள்.

"பாதி பிரிஞ்சிடுச்சு. யாராவது ஏதாவது பண்ணுங்க. சீக்கிரம்."

அண்ணியின் கை தானாகப் போயிற்று. நகம்தான் முதலில் ஓரத்தைத் தொட்டது, பழக்கம். இழுத்தால் முழுதாகவே கையோடு வந்துவிடும் என்று அந்த நகத்துக்குத் தெரிந்தது. அவள் எழுந்து நின்று விரல்களை விரித்தாள். மூலையைத் தடவிப் படியவைத்து, உள்ளங்கையை முழுதாக அதன்மேல் வைத்து, மறுகையால் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள். பனியன் நனைந்து சுட்டது. அதற்கு அடியில் மகளின் நெஞ்சு அடித்துக்கொள்வது கையில் இடித்தது.

"ஒண்ணு" என்றாள் நாத்தனார், தன்னையறியாமல். "ரெண்டு. மூணு."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. பதினொன்று சொல்லும்போது விசில் ஊதிவிட்டது. மகள் உருவிக்கொண்டு ஓடினாள். நடுக்கோட்டைத் தாண்டும்வரை அந்த மூலை படிந்தே இருந்தது. அண்ணி கையை இறக்காமல், காற்றில் விரித்த உள்ளங்கையோடு நின்றாள். நாத்தனார் எண்ணுவதை நிறுத்தவில்லை.